பாதியில் போனவரை எங்கே எழுதுவது? உயிர்வாழ்வுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர்க் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றபின் புதுச்சேரியில் கோரிமேட்டுப் பக்கம் குடியிருக்கிறேன். மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேடு எழுதும் பருவம் வந்துவிட்டால் மாலை வேளைகளில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. டாக்டர் சொன்ன சதவீதத்தைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு நோயாளியின் உறவினர்களும் சிலசமயம் வருவார்கள். வாயால் சொல்லிச் சலித்ததை எழுதிவைத்தேன். இதில் வரும் பத்து நோயாளிகள் கணக்குக்காக நான் உண்டாக்கியவர்கள்.

சார், இத்தனை பேரில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று சதவீதம் போட்டால் போதாதா? சர்வைவல் அனாலிசிஸ் எதற்கு?

எல்லோரையும் ஒரே அளவு காலம் பார்த்திருந்தால் சதவீதமே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்களில் 28 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு வேறு வித்தை தேவையில்லை. ஆனால் உங்கள் ஆய்வில் ஒருவர் ஜனவரியில் சேர்கிறார், இன்னொருவர் நவம்பரில் சேர்கிறார், டிசம்பரில் கடையை மூடுகிறீர்கள். முதலாமவருக்குப் பன்னிரண்டு மாத வாய்ப்பு, இரண்டாமவருக்கு ஒரு மாத வாய்ப்பு. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஆகவே ‘நடந்ததா இல்லையா’ என்பதோடு ‘எப்போது வரை பார்த்தோம்’ என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். ஒரு நோயாளிக்கு இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான்.

பெயரில் உயிர் இருந்தாலும் நிகழ்வு மரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டி திரும்ப வருவது, வீடு திரும்புவது, பண்ருட்டிப் பக்கம் நட்ட முந்திரிக் கன்று பட்டுப்போவது, எதுவானாலும் கணக்கு ஒன்றே. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்டு, ஆயுள் ஓய்வூதியத்துக்கு என்ன விலை வைக்கலாம் என்று காட்டினார். பணம் கட்டுகிறவனுக்கு எப்போதுமே ‘எப்போது’ என்பதில் அக்கறை உண்டு.

சென்சார் என்றால் நோயாளி ஓடிவிட்டார் என்று அர்த்தமா?

சினிமா சென்சாருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருவரைக் கடைசியாகப் பார்த்தபோது நிகழ்வு நடந்திருக்கவில்லை, அதற்கு மேல் தெரியாது. அதுதான் சென்சார். ஆய்வு முடிந்துபோனதாலும் இது நேரும், நோயாளி ஊர் மாறிப்போனதாலும் நேரும். அவர் குணமானவரும் இல்லை, இறந்தவரும் இல்லை. ‘மூன்று மாதம் வரை நன்றாக இருந்தார்’ என்பது முழுத் தகவல் இல்லாவிட்டாலும் உண்மையான தகவல்.

அப்படிப் பாதியில் போனவர்களை நீக்கிவிட்டால் என்ன? பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

செய்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அது என்ன செய்கிறது என்று கணக்கிலேயே பாருங்கள். டயாலிசிஸுக்காகப் பத்துப் பேருக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி, போட்டு ஓராண்டு கவனிக்கிறோம். ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்வது நிகழ்வு. நான்கு பேருக்கு 2, 5, 8, 10ஆம் மாதங்களில் அடைத்தது. ஒருவர் 3ஆம் மாதம் மகன் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார். இன்னொருவர் 6ஆம் மாதம் சிதம்பரத்துக்கு மாறிவிட்டார். மிச்சம் நான்கு பேருக்கு 12ஆம் மாதம் வரை ஓடியது.

ஓராண்டு முழுக்க ஓடியது எத்தனை சதவீதம்? போன இருவரையும் நீக்கினால் எட்டில் நான்கு, 50 சதவீதம். இருவருக்கும் ஓடியதாக வைத்தால் பத்தில் ஆறு, 60. அடைத்ததாக வைத்தால் 40. ஒரே பத்துப் பேர், மூன்று விடை. நீக்குவதில் உள்ள அநியாயம், திருப்பூர்க்காரர் மூன்று மாதம் நல்லபடியாக இருந்ததைக் கிழித்துப்போடுவது. அடைத்தவர்கள் ஒருவர்கூட விடாமல் கணக்கில் இருக்க, அடைக்காதவர்களில் இருவர் மட்டும் காணாமல் போகிறார்கள்.

கப்லான்–மையர் கோட்டைக் கணினி இல்லாமல் போட முடியுமா?

நிகழ்வு இன்னும் நடக்காதவர்களின் பங்கைக் காலப்போக்கில் காட்டும் படிக்கட்டுக் கோடு இது. அதைப் போட ஒரு உறைக்குப் பின்புறம் போதும். நிகழ்வு நடக்கும் மாதங்களில் மட்டும் நின்று, ‘அந்த நேரத்தில் களத்தில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தப்பினார்கள்’ என்று கேளுங்கள். 2ஆம் மாதம் பத்தில் ஒன்பது: 0.9. 3ஆம் மாதம் ஒருவர் விலகியதால் 5ஆம் மாதத்தில் களத்தில் எட்டுப் பேர், தப்பியது ஏழு. 0.9ஐ 7/8ஆல் பெருக்கினால் 0.7875. 6ஆம் மாதம் இன்னொருவர் விலக, 8ஆம் மாதம் ஆறில் ஐந்து: 0.656. 10ஆம் மாதம் ஐந்தில் நான்கு: 0.525. ஓராண்டில் 52.5 சதவீதம் ஓடும். திருப்பூர்க்காரர் 2ஆம் மாதக் கணக்கில் முழு ஆளாக நின்றார், பிறகு மரியாதையாக விலகிக்கொண்டார்.

இந்த முறை 1958இல் ஒரு கட்டுரையாக வந்தது. கப்லானும் மையரும் கூட்டாகத் தொடங்கியவர்கள் அல்ல. கப்லான் தொலைபேசிக் கம்பி வழியில் இருந்த வெற்றிடக் குழாய்கள் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்த்தவர், மையர் புற்றுநோயாளிகளைப் பார்த்தவர். தனித்தனியே அனுப்பியதைச் சேர்த்து எழுதும்படி சொல்லப்பட்டு, கடிதப் போக்குவரத்திலேயே நான்கு ஆண்டுகள் கழிந்தன. குழாயும் மனிதனும் ஒரே சூத்திரத்தில் வந்து நின்றது எனக்கு இன்றும் வியப்பு.

என் படத்தின் கடைசியில் கோடு 40 சதவீதத்திலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. மருந்து திடீரென்று வேலை செய்யாமல் போய்விட்டதா?

இல்லை. கடைசியில் களத்தில் ஒரே ஒருவர் இருந்திருப்பார், அவருக்கு நிகழ்வு நடந்திருக்கும். ஒன்றில் பூஜ்யம், ஆகவே கோடு தரையில். படத்துக்குக் கீழே ஒவ்வொரு காலத்திலும் களத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற வரிசையைப் போடுங்கள். அந்த வரிசை இல்லாத படத்தின் வலது மூலையை நான் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

மீடியன் கிடைக்கவில்லை என்று வருகிறது. பதிலுக்குச் சராசரி போட்டுவிடலாமா?

மீடியன் என்பது கோடு 50 சதவீதத்தைத் தொடும் காலம். நம் பத்துப் பேரில் கோடு 52.5இல் நின்றுவிட்டது, அதனால் மீடியன் இல்லை. அது பிழை அல்ல, பாதிப் பேருக்கு மேல் தாக்குப்பிடித்த நல்ல செய்தி. சராசரிக்கு எல்லோருடைய முடிவும் தெரிய வேண்டும். கடைசி நான்கு பேருக்கு எப்போது அடைக்கும் என்பது தெரியாதபோது எதைக் கூட்டி எதால் வகுப்பது? ‘ஓராண்டில் 52.5 சதவீதம், மீடியன் எட்டப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

அம்மாவுக்கு ஐந்து வருடத்துக்கு 60 சதவீதம் என்றார் டாக்டர். ஐந்து வருடம்தான் இருப்பார்களா ஐயா?

இல்லை. இதே நோய், இதே நிலையில் இருந்த நூறு பேரில் அறுபது பேர் ஐந்து ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள் என்பதே பொருள். அந்த அறுபது பேர் ஐந்தாம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துபோகவில்லை, பலர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்திருக்கலாம். அம்மா ஒருவருக்கு 60 சதவீதம் உயிர் என்று ஒன்றும் கிடையாது.

இரண்டு செய்திகள் கூடச் சொல்வேன். ஐந்தாண்டுக் கணக்கு சொல்ல வேண்டுமானால் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பாவது சிகிச்சை பெற்றவர்களைப் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்த சிகிச்சை அந்த எண்ணில் இல்லை. அடுத்தது, தொடக்கத்தில் ஆபத்து அதிகமுள்ள நோயில் இரண்டு ஆண்டைத் தாண்டியவருக்குப் பழைய 60 பொருந்தாது. நூறில் 75 பேர் இரண்டு ஆண்டைத் தாண்டினார்கள் என்றால், அந்த 75இல் அறுபது பேர் ஐந்தைத் தொட்டார்கள்: 80 சதவீதம். டாக்டரிடம் ‘இப்போதைய நிலையில் எவ்வளவு’ என்று கேளுங்கள்.

ஒரு மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று செய்தி வந்தால் நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எதில் பாதி என்று கேட்காமல் நம்பக் கூடாது. ஆயிரத்தில் இருவருக்கு வந்தது ஆயிரத்தில் ஒருவருக்குக் குறைந்தாலும் பாதி, நூறில் இருபது நூறில் பத்தானாலும் பாதி. ஒப்பீட்டு ஆபத்து இரண்டிலும் 0.5. ஆனால் ஆபத்து உண்மையில் குறைந்த அளவு முதலாவதில் 0.1 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். ஒன்றை அந்தக் குறைவால் வகுத்தால், ஒருவரைக் காப்பாற்ற எத்தனை பேருக்கு மருந்து தர வேண்டும் என்பது வரும்: முதலாவதில் ஆயிரம் பேர், இரண்டாவதில் பத்துப் பேர். மருந்து விலையும் பக்கவிளைவும் அத்தனை பேர் தலையிலும் விழும். எத்தனை காலத்தில் என்பதைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்வது, எத்தனை கிலோ என்று சொல்லாமல் விலை சொல்வது போல.

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். புது வகைக் கருத்தடை மாத்திரையால் இரத்தக்குழாயில் உறைகட்டி உண்டாகும் ஆபத்து இருமடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. ஏழாயிரம் பேரில் ஒருவர் என்பது இருவர் ஆனதுதான் அந்த இருமடங்கு. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் உறைகட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

ஆட்ஸ் ரேஷியோ எதற்கு? நேராக ஆபத்தையே ஒப்பிடலாமே?

ஒப்பிட முடிந்தால் ஒப்பிடுங்கள். நோயாளிகளை முதலில் பிடித்து, பிறகு பழைய பழக்கத்தைக் கேட்கும் ஆய்வில் அது முடியாது. டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950இல் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் உள்ள 649 ஆண்களையும், வேறு நோய்க்காக வந்த 649 ஆண்களையும் கேட்டார்கள். முதல் கூட்டத்தில் புகைத்தவர்கள் 647, புகைக்காதவர்கள் 2. மற்றதில் 622, 27. புகைத்த 1,269 பேரில் 647 பேருக்குப் புற்றுநோய், ஆகவே ஆபத்து 51 சதவீதம் என்று யாராவது சொன்னால்? அந்த 649 என்பது ஆய்வாளர்கள் தாங்களே பொறுக்கிச் சேர்த்த எண்ணிக்கை. புற்றுநோய் இல்லாத இன்னும் ஆயிரம் பேரைச் சேர்த்திருந்தால் 51 என்பது சரிந்திருக்கும்.

ஆட்ஸ் என்பது ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்பதால் வகுப்பது, பந்தயம் கட்டுகிறவர்கள் ஒன்றுக்கு நாலு என்பார்களே அது. 647ஐ 27ஆல் பெருக்கி, 2ஐ 622ஆல் பெருக்கி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 14. பொறுக்கிய எண்ணிக்கையை மாற்றினாலும் இந்த விகிதம் அசையாது, அதுதான் அதன் பலம். நோய் அரிதாக இருந்தால் இது ஒப்பீட்டு ஆபத்துக்கு மிக அருகில் வரும் என்று புள்ளியியலாளர் கார்ன்ஃபீல்டு 1951இல் காட்டினார்.

அரிதாக இல்லாவிட்டால் வராது. இரு கூட்டத்தின் ஆபத்து 2 சதவீதம், 1 சதவீதம் என்றால் ஆட்ஸ் ரேஷியோ 2.02. 40, 20 என்றால் அதுவே 2.67 ஆகிவிடும், ஆபத்து என்னவோ அதே இருமடங்குதான். பாதிப் பேருக்கு வரும் இரத்தசோகைக்கு ஆட்ஸ் ரேஷியோ போட்டு ‘மூன்று மடங்கு ஆபத்து’ என்று எழுதி வந்தால் நான் சிவப்பு மையை எடுத்துவிடுவேன்.

ரிஸ்க், ரேட், ஹசார்ட் மூன்றும் ஒன்றுதானே?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போகிறீர்கள். இதுவரை கடந்த தூரம் ரிஸ்க். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வரும் சராசரி வேகம் ரேட். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள முள் இந்த நொடியில் காட்டுவது ஹசார்ட். அரியாங்குப்பம் நெரிசலில் முள் படுத்திருக்கும், தவளக்குப்பம் தாண்டினால் எழும். பெரிய அறுவை சிகிச்சைக்கு இது தலைகீழ்: முதல் சில நாள் முள் உச்சத்தில், பிறகு இறக்கம். ஒன்றை மட்டும் உவமை சொல்லாது: ஹசார்ட் என்பது அந்த நொடி வரை களத்தில் மிஞ்சியிருப்பவர்களுக்கு மட்டுமானது.

நம் பத்துப் பேரின் மாதங்களைக் கூட்டினால் 82. நிகழ்வு 4. ஒருவரை ஒரு மாதம் பார்த்தால் ஓர் ஆள்-மாதம். நூறு ஆள்-மாதத்துக்கு 4.9, நூறு ஆள்-ஆண்டுக்கு 58.5. இது சதவீதம் இல்லை. சதவீதம் நூறைத் தாண்டாது, இது தாண்டும்.

ஹசார்ட் ரேஷியோ 0.7 என்றால் 30 சதவீதம் பேர் குறைவாக இறக்கிறார்கள், சரிதானே?

வாய்வழித் தேர்வில் இந்தப் பதிலுக்கு மதிப்பெண் போகும். எந்த நொடியிலும் மிஞ்சியிருப்பவர்கள் இறக்கும் வேகம் மற்றக் கூட்டத்தின் வேகத்தில் 0.7 பங்கு என்பதே அது. முள்ளுக்கு முள் ஒப்பீடு, தூரத்துக்குத் தூரம் அல்ல. நூறு ஆண்டு காத்திருந்தால் இரு கூட்டத்திலும் எல்லோரும் இறந்திருப்பார்கள். இறந்தவர் விகிதம் ஒன்றாகிவிடும், ஹசார்ட் ரேஷியோ 0.7 ஆகவே இருக்கலாம். 30 சதவீதம் கூடுதலாக வாழ்வார்கள் என்பதும் தவறு.

மருந்தில்லாத கூட்டத்தில் இரண்டாண்டில் 50 சதவீதம் பிழைத்து, ஹசார்ட் ரேஷியோ 0.5 ஆக நிலையாக இருந்தால், மருந்துக் கூட்டத்தில் பிழைப்பது 0.5இன் வர்க்கமூலம், அதாவது 71 சதவீதம். இறப்பு 50இலிருந்து 29 ஆகிறது, 25 ஆவதில்லை.

லாக்-ரேங்க் சோதனையில் பி மதிப்பு 0.2. மருந்தால் பயனில்லை என்று எழுதிவிடவா?

லாக்-ரேங்க் என்பது இரண்டு கோடுகளை ஒப்பிடும் சோதனை. பி மதிப்பு என்பது உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு. அதோடு நிற்காமல் நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லையைப் பாருங்கள். ஹசார்ட் ரேஷியோ 0.8, இடைவெளி 0.57 முதல் 1.12 வரை என்றால், வேகம் 43 சதவீதம் குறைந்திருக்கவும் இடமுண்டு, 12 சதவீதம் கூடியிருக்கவும் இடமுண்டு. ‘பயன் இருப்பதாக நிறுவ முடியவில்லை’ என்பதற்கும் ‘பயனில்லை’ என்பதற்கும் நடுவே பெரிய ஆறு ஓடுகிறது.

காக்ஸ் மாடலில் வயது, சர்க்கரை, புகை, எடை என்று எட்டு மாறிகள் போட்டேன். நோயாளிகள் 120 பேர், போதும்தானே?

காக்ஸ் மாடல் என்பது பல காரணிகள் ஒரே நேரத்தில் ஹசார்டை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பது. அதற்கு நோயாளிகளை எண்ணாதீர்கள், நிகழ்வுகளை எண்ணுங்கள். 120 பேரில் 18 பேருக்குத்தான் நிகழ்வு என்றால் உங்கள் கையில் உள்ள சரக்கு 18. ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வு என்பது கைக்கணக்கு, அது சட்டமில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியும் 18க்கு எட்டு தாங்காது.

காக்ஸ் 1972இல் தந்த இந்த மாடல், இரு கூட்டத்தின் ஹசார்ட் விகிதம் காலம் முழுவதும் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. அறுவை சிகிச்சைக் கூட்டத்தின் கோடு முதலில் கீழே இருந்து பிறகு மற்றதை வெட்டிக்கொண்டு மேலே போனால் அந்த நம்பிக்கை உடைந்தது. அப்போது ஒரே எண்ணைச் சொல்வது நல்லதையும் கெட்டதையும் கலந்து சராசரி சொல்வதாகும். காலத்தைப் பிரித்துச் சொல்லுங்கள்.

ஆறு மாத மருந்தை முழுதாக முடித்தவர்கள் நிறுத்தியவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். மருந்தின் மகிமைதானே?

முடிக்க வேண்டுமென்றால் ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டுமே! இரண்டாம் மாதம் இறந்தவர் தானாகவே ‘நிறுத்தியவர்’ பட்டியலில் விழுகிறார். முடித்தவர்களுக்கு ஆறு மாதம் சாகாவரம் கொடுத்துவிட்டுப் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்? 2001இல் ஆஸ்கர் விருது வாங்கிய நடிகர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று ஓர் ஆய்வு வந்தது. 2006இல் வேறு சிலர் விருதுக்கு முந்தைய ஆண்டுகளை விருதுக் கணக்கிலிருந்து எடுத்தபோது அது ஓராண்டு அளவுக்குச் சுருங்கியது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாதபடி. ஆறாம் மாதத்தைத் தொடக்கமாக வையுங்கள், அன்று உயிரோடு இருந்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். அல்லது மருந்தைக் காலத்தோடு மாறும் மாறியாகக் கொடுங்கள், அதாவது முடிக்கும் வரையுள்ள மாதங்களை ‘முடித்தவர்’ கணக்கில் எழுதாதீர்கள்.

தொடக்க நாள் விஷயத்தில் இன்னொரு பொறி, முன்கூட்டியே கண்டறியும் முகாம்கள். 2018இல் இறக்கப்போகும் ஒருவருக்கு நோயை 2015இல் கண்டால் மூன்றாண்டு, 2012இலேயே கண்டால் ஆறாண்டு. ஒரு நாள்கூடக் கூடாமல் ஆயுள் இரட்டிப்பானது போலத் தோன்றும்.

எங்கள் ஆய்வில் கால்வாசிப் பேர் வரவில்லை. எல்லோரையும் சென்சார் போட்டுவிட்டேன். தவறா?

ஏன் வரவில்லை என்பதைப் பொறுத்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்த வாரத்தில் வர முடியாமல் போனவர்கள் நோயின் நிலையால் நின்றவர்கள் அல்ல, அவர்களை சென்சார் போட்டால் கணக்கு கெடாது. ஆனால் படுத்த படுக்கையாகி, பஸ் ஏற முடியாமல் நெய்வேலிப் பக்கத்திலேயே தங்கிவிட்டவரையும் அதே கட்டத்தில் போடுகிறீர்கள். மற்றவர்களைப் போலவே அவரும் இருந்திருப்பார் என்று சூத்திரம் நினைக்கும். கோடு உண்மையைவிட உயரமாக நிற்கும். இதைச் சரிசெய்யும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை. தொலைபேசியை எடுத்துக் கூப்பிடுங்கள்.

ஃபிஸ்டுலா அடைக்கும் முன்பே நோயாளி மாரடைப்பில் இறந்துவிட்டால்? அவரும் சென்சார்தானே?

திருப்பூர் போனவருக்கு இனிமேல் அடைக்க வாய்ப்புண்டு, நமக்குத் தெரியாது அவ்வளவுதான். இறந்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. இருவரையும் ஒன்றாகப் போட்டால், இறந்தவருக்கும் பின்னால் அடைத்திருக்கும் என்று கப்லான்–மையர் கணக்கு எண்ணி, அடைப்பு விகிதத்தை உயர்த்திக் காட்டும். வயதானவர்கள் அதிகம் உள்ள ஆய்வில் இது பெரிய பிழை. இறப்பைப் போட்டி நிகழ்வாகத் தனியே குறித்து, திரள் நிகழ்வு விகிதம், அதாவது இறப்பையும் கணக்கில் கொண்டு அந்தந்தக் காலத்துக்குள் அடைத்தவர்களின் பங்கு, போட வேண்டும்.

திருப்பூர் போனவர் பதினோராம் மாதம் திரும்பி வந்துவிட்டார் சார். இப்போது என்ன செய்வது?

ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்து, எப்போது அடைத்தது என்று அவருக்கே தெரியாவிட்டால், நிகழ்வு 3க்கும் 11க்கும் இடையில் நடந்தது என்றுதான் எழுத முடியும். கண்டுபிடித்த நாளையே நடந்த நாளாக எழுதாதீர்கள், இப்படி இடைவெளியில் விழும் நிகழ்வுகளுக்குத் தனி முறைகள் இருக்கின்றன. சிதம்பரத்துக்காரரையும் கூப்பிட்டு விசாரியுங்கள். தானாகத் திரும்பி வருகிறவர்களில் தொல்லை வந்தவர்களே அதிகம் இருப்பார்கள். அவர்களை மட்டும் சேர்த்தால் கோடு கீழே சாயும்.

ஓடுகிறது என்றால் எளிது. அவருடைய 3ஐ அடித்துவிட்டு 11 என்று எழுதுங்கள். களத்தில் இருப்பவர்கள் 10, 9, 7, 6 ஆகிறார்கள். 9/10, 8/9, 6/7, 5/6 ஆகியவற்றைப் பெருக்கினால் 52.5 போய் 57.1 வரும்.